குண்டூசியில் குத்திய தர்மம்

பொதுக் காரியம் ஒன்றுக்காக ஊராரிடம் பணம் திரட்டப் புறப்படுகிறவர்கள், பணத்தைக் கேட்கத் தொடங்குவதற்கு முன்பே ஒரு சிறு செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. கொடுக்கிறவர் கையில் பதிலுக்கு எதை வைப்பது, அதை எங்கே வாங்குவது, ஆயிரத்துக்கு என்ன விலை ஆகும் என்பதே அந்தக் கவலை. பொருள் விலை உயர்ந்ததானால் திரட்டுகிற நிதியை அதுவே விழுங்கிவிடும். ஒன்றுமே கொடுக்காவிட்டாலோ, ஒருமுறை கொடுத்தவரை அடுத்த தெருமுனையில் இன்னொருவர் நிறுத்திக் கேட்க, அவர் மனம் சலித்துக்கொள்வார். நம் ஊர்களில் கோயில் திருப்பணிக்கு வசூலுக்கு வருகிறவர்கள் வெகுகாலத்துக்கு முன்பே இந்தக் கவலையைத் தீர்த்துக்கொண்டவர்கள். ரசீதுப் புத்தகத்தோடு ஒரு தட்டில் விபூதியும் குங்குமமும் கொண்டுவருவார்கள். காலணா போட்டவருக்கும் காசோலை எழுதினவருக்கும் அதே விபூதிதான். நெற்றியில் இட்டுக்கொண்டவர் தாம் கொடுத்ததை ஊருக்குச் சொல்லாமலே சொல்லிக்கொண்டு நடப்பார். ஆனால் சமய சம்பந்தமில்லாத ஒரு நிதிக்கு, முன்பின் அறியாத லட்சக்கணக்கான வழிப்போக்கர்களிடம், அதுவும் ஒரே நாளில் வசூல் செய்ய வேண்டும் என்ற நிலை நவீன நகரங்களில் ஏற்பட்டபோது, அந்தப் பிரசாதத்தின் ஸ்தானத்தில் வைக்கத்தக்க பொருள் ஒன்றைப் புதிதாகவே சிருஷ்டிக்க வேண்டியிருந்தது.

காகிதப் பூ, காகிதக் கொடி, தபால்தலை போன்ற ஒட்டுவில்லை, சட்டையில் குத்தும் தகர வில்லை என்று அந்தச் சிருஷ்டி பல ரூபங்களை எடுத்தது. மறுநாள் குப்பைக்குப் போகிற இந்த அற்பப் பொருள்களின் சரித்திரத்தில் எனக்குள்ள ஈடுபாடு, அவை எவ்வளவு பணம் ஈட்டின என்பதோடு நின்றுவிடுவதில்லை. அவற்றை எவர் செய்தார், என்ன கூலிக்குச் செய்தார், அரைக் காசுக்கும் குறைவாக அவை கிடைத்தபோது அந்த மலிவின் பாரத்தை எவர் தோள் சுமந்தது என்று கேட்டுப் பார்க்கையில்தான் அந்தச் சரித்திரம் பொருள் உடையதாகிறது.

1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26-ஆம் தேதி லண்டன் நகரத் தெருக்களில், வெள்ளை உடை உடுத்த பெண்கள் கூடைகளில் இளஞ்சிவப்பு நிறக் காட்டுரோஜாக்களை ஏந்தி நின்றார்கள். அவை துணியில் செய்த செயற்கைப் பூக்கள். ஏழாம் எட்வர்டு மன்னரின் விதவையான அலெக்ஸாண்ட்ரா ராணியார், டென்மார்க்கிலிருந்து மணமகளாக இங்கிலாந்துக்கு வந்த ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டு, ஊர்வலமும் வாணவேடிக்கையும் வேண்டாம், ஆஸ்பத்திரிகளுக்கு நிதி சேர்த்தால் போதும் என்று எண்ணியதன் விளைவு அது. தம் தாய்நாட்டில் தோட்டத்து ரோஜாக்களை விற்று ஏழைகளுக்கு உதவிய ஒரு பாதிரியாரின் செய்கை அவர் மனத்தில் இருந்ததாகச் சொல்வார்கள். உண்மையான ரோஜாவை லட்சக்கணக்கில் ஒரே காலைவேளையில் நகரமெங்கும் வாடாமல் விநியோகிப்பது இயலாத காரியம். ஆகையால் செயற்கைப் பூ தேவைப்பட்டது. அதைச் செய்து கொடுத்தவர்கள் யார் என்பதில்தான் இந்த முயற்சியின் மேன்மை அடங்கியிருக்கிறது.

ஜான் குரூம் என்ற செதுக்குவேலைக்காரர் 1866-இல் லண்டனில் ஒரு தர்ம ஸ்தாபனத்தைத் தொடங்கியிருந்தார். விடியற்காலையில் சந்தைக்கு வந்து, நீரில் விளையும் கீரையையும் பூவையும் சிறு கட்டுகளாக வாங்கித் தெருவில் கூவி விற்றுப் பிழைத்த சிறுமிகள் அக்காலத்தில் ஏராளம். அவர்களில் பலர் கண் தெரியாதவர்கள், கால் ஊனமானவர்கள். அவர்களுக்குச் சூடான பானமும் ரொட்டியும் கொடுப்பதில் தொடங்கிய குரூம், குளிர்காலத்தில் பூவும் இல்லை, வியாபாரமும் இல்லை என்பதைக் கண்டு, ஊனமுற்ற பெண்களுக்குச் செயற்கைப் பூச் செய்யும் தொழிலைக் கற்பித்து, உட்கார்ந்த இடத்திலேயே ஜீவனத்துக்கு வழி செய்தார். ராணியாரின் ரோஜாக்கள் அந்தப் பட்டறையில் உருவானவை. ஆகவே, பூ வாங்கியவர் கொடுத்த காசில் பூவின் அடக்கவிலையாகக் கழிந்த பங்குகூட வீணாகவில்லை. அதுவும் ஒரு வகையில் தர்மத்துக்கே சேர்ந்தது.

இதன் அருமையை உணர வேண்டுமானால், அந்நாளில் செயற்கைப் பூத் தொழில் பொதுவாக எந்த நிலையில் இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தொப்பிகளையும் கவுன்களையும் அலங்கரித்த பட்டுப் பூக்களில் பெரும்பங்கு, லண்டனின் கிழக்குப் பகுதியிலும் பாரீஸின் சந்துகளிலும் ஒற்றை அறைக் குடித்தனங்களில் வாழ்ந்த தாய்மாராலும் குழந்தைகளாலும் குரோஸ் கணக்கில் செய்யப்பட்டவை. இதழை வெட்டுவது, வளைப்பது, கம்பியில் கோப்பது, பசையிட்டு ஒட்டுவது என்று இரவு வெகுநேரம் வரை விளக்கடியில் குனிந்து வேலை செய்தும் வாடகைக்கே போதாத கூலி. 1906-ஆம் ஆண்டில் 'டெய்லி நியூஸ்' பத்திரிகை லண்டன் குவீன்ஸ் ஹால் மண்டபத்தில் இத்தகைய கூலிச் சுரண்டல் தொழில்களைப் பொதுமக்கள் கண்ணெதிரே செய்து காட்டும் பொருட்காட்சி ஒன்றை நடத்தியது. தீப்பெட்டி செய்வோர், சட்டை தைப்போர் ஆகியோரோடு பூச் செய்வோரும் அங்கே உட்கார்ந்து வேலை செய்து காட்டினார்கள். அதனால் எழுந்த கிளர்ச்சி 1909-இல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் சட்டத்துக்கு வழிவகுத்தது. ஆனாலும் அச்சட்டம் முதலில் சங்கிலி, காகிதப் பெட்டி, லேஸ், ஆயத்த ஆடை ஆகிய நான்கு தொழில்களைத்தான் தழுவியது. பூத் தொழில் அதில் சேரவில்லை. அலெக்ஸாண்ட்ரா நாளுக்குப் பூக்களை வெளிச்சந்தையில் மிகக் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் செய்திருந்தால், ஆஸ்பத்திரியில் ஏழைக்கு வைத்தியம் செய்வதற்கான பணம் மற்றோர் ஏழையை நோயாளியாக்கித் திரட்டப்பட்டிருக்கும். குரூமின் பட்டறை அந்தப் பாவத்திலிருந்து அந்த நாளைக் காப்பாற்றியது.

அலெக்ஸாண்ட்ரா நாளுக்குச் சில ஆண்டுகள் முன்பே டென்மார்க்கில் இன்னும் செலவு குறைந்த யுக்தி ஒன்று தோன்றியிருந்தது. ஐனார் ஹோல்பல் என்பவர் அந்நாட்டுத் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் மலைமலையாய்க் குவியும் கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, இவை ஒவ்வொன்றிலும் தபால்தலையோடு இன்னொரு சிறு வில்லையும் ஒட்டப்பட்டிருந்தால், காசநோயால் வாடும் குழந்தைகளுக்கு ஓர் ஆரோக்கியசாலையே கட்டிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1904-இல் லூயிஸ் ராணியின் உருவம் பொறித்த வில்லை, 'ஓர்' என்னும் அந்நாட்டுச் சில்லறைக் காசு இரண்டு விலையில் வெளிவந்து, முதல் ஆண்டிலேயே நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றது. கையால் செய்யும் வேலை எதுவும் இல்லை. அச்சகத்தில் தாள் தாளாக இறங்குகிற பொருள். விநியோகத்துக்கோ தபால் நிலையங்களே கடைகள். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற பத்திரிகாசிரியர் ஜேக்கப் ரீஸ் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை 1907-இல் படித்த எமிலி பிஸ்ஸெல் என்ற பெண்மணி, டெலவேர் மாநிலத்தில் மூடப்படவிருந்த ஒரு சிறு காசநோய் விடுதியைக் காப்பாற்றத் துணிந்தார். தேவை 300 டாலர். நண்பர்களிடம் 40 டாலர் கடன் வாங்கி 50,000 வில்லைகளை அச்சிட்டு, ஒன்று ஒரு சென்ட் என்று தபால் நிலைய முகப்பில் மேஜை போட்டு விற்றார். அத்தனையும் விற்றாலும் 500 டாலர்தானே ஆகும்! ஃபிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்றின் ஆதரவு கிடைத்த பிறகு மறுபடி மறுபடி அச்சிட நேர்ந்து, கணக்கு முடிந்தபோது கையில் சுமார் 3,000 டாலர் இருந்தது. அடக்கவிலையை அளவோடு வைத்துத் தொடங்கியதனால்தான் தோல்வியைப் பற்றிய பயமின்றி அவரால் இறங்க முடிந்தது. பெரிய மனசுள்ள எத்தனையோ நிதிக் குழுக்கள் முதலிலேயே ஆடம்பரப் பொருள்களுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, விற்காத சரக்கைக் கட்டிக்கொண்டு திண்டாடுவதைப் பார்க்கிறவர்களுக்கு இந்த அம்மையாரின் நிதானம் போற்றத்தக்கதாகத் தோன்றும்.

அதே அமெரிக்காவில், நியூஜெர்ஸியின் நியூவர்க் நகரத்து ஒயிட்ஹெட் அண்டு ஹோக் கம்பெனியார் 1896-இல் காப்புரிமை பெற்ற செல்லுலாய்டு வில்லையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. தகரத் தட்டின்மேல் அச்சிட்ட காகிதம், அதன்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய செல்லுலாய்டுத் தகடு, இவற்றைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடிக்கும் வளையம், அதில் செருகிய கம்பி ஊசி. அவ்வாண்டு மக்கின்லிக்கும் பிரையனுக்கும் நடந்த தேர்தலில் அது லட்சக்கணக்கான சட்டைகளில் ஏறியது. பிறகு தர்ம காரியங்களும் அதைக் கடன் வாங்கிக்கொண்டன.

1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. யுத்தத்துக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு நிதி சேர்க்க, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஆக்னஸ் மாரிஸன் என்ற சீமாட்டியின் முயற்சியால் காகிதக் கொடி நாள் பிறந்தது. ஒரு குண்டூசி, அதில் சுற்றி ஒட்டிய ஒரு காகிதத் துண்டு, அவ்வளவுதான். இதைவிட எளிதாக ஒரு பொருளைக் கற்பனை செய்வது கடினம். பெல்ஜிய அகதிகளுக்கு ஒரு நாள், ரஷ்யருக்கு ஒரு நாள், யுத்தக் குதிரைகளுக்கு ஒரு நாள் என்று கொடி நாள்கள் பெருகின. பொருள் அவ்வளவு மலிவாகவும் எளிதாகவும் ஆகிவிட்டதன் தீங்கும் உடனே தலைகாட்டியது. யார் வேண்டுமானாலும் ஒரு தட்டு நிறையக் கொடிகளை ஒட்டிக்கொண்டு தெருவில் நின்று உண்டியலைக் குலுக்கலாம் என்றானபின், பணம் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பார் இல்லாமற் போயிற்று. 1916-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு தெருவசூலைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைப் போலீஸாருக்கும் நகராட்சிகளுக்கும் அளித்துச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் நிழல் பின்னால் வேறொரு தீவில், வேறொரு நோக்கத்தோடு விழப்போவதைப் பார்ப்போம்.

யுத்தம் முடியும் தறுவாயில், மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை, ஃபிளாண்டர்ஸ் யுத்தகளத்துக் கல்லறைகளிடையே பூத்த, பாப்பி என்னும் செந்நிறக் கசகசாப் பூவைப் பற்றி ஜான் மக்ரே எழுதியிருந்த கவிதையைப் படித்து உருகி, நியூயார்க்கில் ஒரு கடையில் 25 பட்டுப் பூக்களை வாங்கித் தாம் ஒன்றை அணிந்து மற்றவற்றை நண்பர்களுக்குக் கொடுத்தார். அந்தப் பூவைப் பெருங்காரியமாக்கியவர் அன்னா கெரான் என்ற பிரெஞ்சு மாது. யுத்தத்தில் பாழான பிரான்ஸின் விதவைகளும் அனாதைக் குழந்தைகளும் துணியில் இந்தப் பூக்களைச் செய்வது, நேச நாடுகளில் அவற்றை விற்பது என்பது அவர் திட்டம். 1921-இல் அவர் லண்டனுக்கு வந்தபோது, அவ்வாண்டு மே மாதம்தான் தோன்றியிருந்த பிரிட்டிஷ் லீஜன் என்னும் முன்னாள் படைவீரர் சங்கத்தார், கையில் பணம் இல்லாமல் தயங்கினார்கள். பூக்களுக்கான செலவைத் தாமே ஏற்பதாகவும், விற்ற பிறகு திருப்பித் தந்தால் போதும் என்றும் கெரான் சொன்னதாகத் தெரிகிறது. சங்கத்தார் 90 லட்சம் பூக்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். நவம்பர் 11 அன்று அவை விரைவிலேயே தீர்ந்துபோய், 1,06,000 பவுனுக்கு மேல் வசூலாயிற்று. பூ ஒன்றுக்குச் சராசரி மூன்று பென்னிகூட விழவில்லை என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், இந்தப் பெருந்தொகை கனவான்களின் பையிலிருந்து வந்ததைவிடச் சாமானியரின் பையிலிருந்து வந்ததே அதிகம் என்பது விளங்கும்.

மறுவருஷமே, பிரெஞ்சுப் பூக்களை வாங்குவானேன், நம் ஊனமுற்ற சிப்பாய்களே செய்தால் என்ன என்ற யோசனை எழுந்தது. மேஜர் ஜார்ஜ் ஹவ்ஸன், யுத்தத்தில் அங்கவீனமானவர்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தவர். லீஜன் கொடுத்த 2,000 பவுனைக் கொண்டு, 1922-இல் லண்டன் ஓல்டு கென்ட் ரோடு அருகே ஒரு பழைய காலர்ப் பட்டறையில் ஐந்து பேரோடு அவர் வேலையைத் தொடங்கினார். இது பெரிய வெற்றியாகும் என்ற நம்பிக்கை தமக்கு இல்லை, ஆயினும் முயன்று பார்க்கத்தக்கது என்ற கருத்துப்பட அவர் தம் பெற்றோருக்கு எழுதினார். பூவின் அமைப்பையே அவர் தொழிலாளிக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. சிவப்பு இதழ், நடுவே கறுப்புப் பொத்தான், ஒரு காம்பு. தையலோ முடிச்சோ நுணுக்கமான மடிப்போ வேண்டாத உறுப்புகள். ஒரு கையை யுத்தத்தில் இழந்தவன் மற்றக் கையால் இவற்றை ஒன்றில் ஒன்று பொருத்தி அழுத்திப் பூவாக்கிவிடலாம். விலையைக் குறைக்க வேண்டுமென்று பொருளை எளிமைப்படுத்துவார் உண்டு. ஒற்றைக்கையன் செய்ய வேண்டுமென்று எளிமைப்படுத்தி, அதனாலேயே விலையும் குறைந்தது என்பது ஹவ்ஸனின் விசேஷம். சில மாதங்களிலேயே ஐவர் நாற்பதுக்கு மேலானார்கள்; இடம் போதாமல் பட்டறை தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ரிச்மண்டுக்கு மாறியது. லண்டனில் செய்த பூக்கள் தெற்கிலேயே தீர்ந்துபோய் ஸ்காட்லாந்துக்கு எட்டாததைக் கண்டு, தளபதி ஹேக் பிரபுவின் மனைவியார் 1926-இல் எடின்பரோவில் தனிப் பட்டறை நிறுவினார். அங்கே செய்யும் பூவுக்கு நான்கு இதழ், இலை கிடையாது. இலை எதற்கு, அதற்கும் ஒரு செலவா என்ற ஸ்காட்லாந்துக்காரரின் சிக்கனம் என்று வேடிக்கையாகச் சொல்பவர்கள் இருக்கலாம். எனக்கு அந்த நான்கிதழ்ப் பூ அழகாகவே தோன்றுகிறது.

பிரிட்டிஷ் கொடி பறந்த இடங்களுக்கெல்லாம் பாப்பிப் பூவும் கப்பலேறிப் போயிற்று. இலங்கையில் ஒவ்வொரு நவம்பர் 11 அன்றும் கொழும்புத் தெருக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் அது விற்கப்பட்டது. சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டது. அதே யுத்தத்தில் சேவை செய்துவிட்டு வந்த இலங்கைக்காரருக்குக் கிடைத்தது சொற்பம். இந்த அநீதியைப் பொறாத ஏலியன் பெரேரா என்பவர், இலங்கையின் முன்னாள் படைவீரருக்கு உதவுவதற்காக, அதே நாளில் போட்டியாகச் சூரிய மல் விற்பனையைத் தொடங்கினார். நாம் பூவரசு என்று சொல்லும் மரத்தின் பூ அது. கடலோர ஊர்களில் வேலியோரம் தானே வளர்ந்து நிழல் தருகிற அந்த மரத்தைத் தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ அறியாதவர் இல்லை. காலையில் மஞ்சளாய், அடியில் கருஞ்சிவப்புப் பொட்டோடு கிண்ணம்போல் விரிந்து, மாலைக்குள் செம்மை படர்ந்து உதிர்கிற பூ. இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை எந்தக் கிராமத்தில் இருந்தது? சீமையிலிருந்து வந்த பூவுக்கு எதிரே, வீட்டுக் கொல்லைப் பூவை நிறுத்திய அந்தத் தேர்வைவிடத் தகுந்த தேர்வை நான் கண்டதில்லை. எந்தக் கம்பெனிக்கும் அதன்மேல் உரிமை கிடையாது. எந்தப் பட்டிக்காட்டானுக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

டொரீன் யங் என்ற ஆங்கிலப் பெண்மணி, இலங்கைக்கு ஆசிரியையாக வந்து, டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவை மணந்துகொண்டவர். 1931-இல் 'சிலோன் டெய்லி நியூஸ்' பத்திரிகையில் பாப்பி நாளன்றே, இரு பூக்களின் போரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பெரும் பரபரப்பை விளைவித்தது. தம் சொந்த தேசத்தின் புனித நாளாகக் கருதப்பட்ட ஒன்றை எதிர்த்து, தாம் குடியேறிய நாட்டின் ஏழைகளுக்காக ஒரு பெண் பேசிய அந்தத் தைரியம் சாமான்யமானதன்று. 1933-இல் தென்கொழும்பு இளைஞர் சங்கத்தார் இந்த இயக்கத்தைக் கையிலெடுத்துக்கொண்டபோது அதன் போக்கே மாறியது. முன்னாள் படைவீரருக்குச் சகாயம் என்பது, ஏகாதிபத்தியத்துக்கும் யுத்தத்துக்கும் எதிர்ப்பு என்று விரிந்தது. டொரீன் விக்கிரமசிங்க தலைவரானார். டெரன்ஸ் டி சில்வா செயலாளர்களில் ஒருவர். ராய் டி மெல் பொருளாளர். அதே 1933-இல்தான் இங்கிலாந்திலும் கூட்டுறவு மகளிர் சங்கத்தார், யுத்தம் இனி வேண்டாம் என்பதற்கு அடையாளமாக வெள்ளைப் பாப்பியை விற்கத் தொடங்கினார்கள் என்பதை நினைக்கையில், கடல் கடந்த இரு கூட்டத்தார் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே மனத்தோடு நடந்தது போலத் தோன்றுகிறது.

சூரிய மல் பூவை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள். ஆகையால் திரண்ட தொகை பெரிதாக இல்லை. கவர்னர் மாளிகை விருந்தில் பாப்பிக்கு விழுந்த நோட்டுகள் இந்தப் பூவின் உண்டியலில் விழவில்லை; செம்புக் காசுகளே விழுந்தன. திரண்டதைக் கொண்டு, தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு குழந்தையின் கல்விக்கு உதவ அவர்கள் தீர்மானித்தார்கள். தொகை சிறிதானாலும் காரியம் சிறிதென்று அரசாங்கம் கருதவில்லை. தெருவசூலைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று அங்கேயும் கொண்டுவரப்பட்டது. இங்கிலாந்தில் மோசடிக்காரரை அடக்கப் பிறந்த சட்டத்தின் சாயல், இலங்கையில் செம்புக்காசு வசூலித்த இளைஞர்களை அடக்க வந்ததைப் பார்க்கிறோம். ஒரு சட்டத்தின் குணம் அதன் வாசகத்தில் மாத்திரம் இல்லை, அதை ஏந்தும் கையிலும் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

பூ விற்றுப் பழகிய அந்த இளைஞர் கூட்டம் 1934-இன் இறுதியில் வேறொரு சோதனையை எதிர்கொண்டது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியதால் கொசு பெருகி, மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையின் தென்மேற்கு மாவட்டங்களைச் சூறையாடியது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். சூரிய மல் தொண்டர்கள் மருந்து மூட்டைகளோடு கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தார்கள். காய்ச்சலைவிடப் பட்டினியே ஜனங்களைக் கொல்கிறது என்று அங்கே அவர்கள் கண்டார்கள். மார்மைட் என்னும் ஈஸ்ட் சாரத்தை உருண்டைகளாகப் பிடித்து ஊட்டச்சத்தாகக் கொடுத்தார்கள். தொண்டர்களில் ஒருவராய்ப் பருப்பு விநியோகித்த என். எம். பெரேராவைக் கிராமத்து ஜனங்கள் பருப்பு மகாத்தயா என்றே அழைத்தார்கள். 1935 டிசம்பரில் இந்தக் கூட்டத்தார் சேர்ந்து லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினார்கள். ஒரு தீவின் முதல் மார்க்ஸியக் கட்சியின் வேரைத் தோண்டிப் பார்த்தால், நவம்பர் வெயிலில் பூக்கூடையோடு தெருமுனையில் நின்ற சில இளைஞரும் யுவதிகளும் தென்படுகிறார்கள். நிதி திரட்டும் காரியத்தில் நிதியைவிடப் பெரிதாகத் திரள்வது மனிதர்களே என்பதை வசூலுக்குப் போய்வந்தவர்கள் அனைவரும் அறிவார்கள்.

நம் தேசத்தில் அந்த ஆண்டுகளில் காந்தியடிகள், கொடுக்கிறவர் கையில் எதை வைப்பது என்ற இதே பிரச்சினையைத் தம் வழியில் தீர்த்துக்கொண்டிருந்தார். 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கிய ஹரிஜன யாத்திரையில் அவர் சுமார் 12,500 மைல் சுற்றி, ஏறக்குறைய 8 லட்சம் ரூபாய் திரட்டினார். 1934 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் சுற்றினார். ஊருக்கு ஊர் வரவேற்புப் பத்திரம் வாசித்துக் கொடுப்பார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு, வெள்ளிப் பேழையில் வைத்து, ஏகச் செலவு செய்திருப்பார்கள். அந்தச் செலவை நிதியிலேயே சேர்த்திருக்கலாமே என்று கடிந்துகொண்டு, அந்தப் பேழையையும் சட்டத்தையும் அதே மேடையில் ஏலம் போட்டுவிடுவார் காந்தி. கையெழுத்து வேண்டுமா, ஐந்து ரூபாய் ஹரிஜன நிதிக்கு. பூமாலைக்குப் பதில் கையால் நூற்ற நூலில் மாலை. அதுவும் நெசவுக்குப் போய்விடும். அடக்கவிலையே இல்லாத அடையாளப் பொருள் காந்தியின் கையெழுத்து ஒன்றுதான். ஆனால் அந்த வழி மற்ற நிதிக் குழுக்களுக்குத் திறந்த வழியன்று.

சுதந்திரம் வந்த பிறகு, பாப்பியின் ஸ்தானத்தில் நமக்கென்று ஒரு சின்னம் தேவைப்பட்டது. 1949 ஆகஸ்டு 28 அன்று பாதுகாப்பு மந்திரியின் தலைமையில் கூடிய குழு, ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஐக் கொடி நாளாக அனுஷ்டிப்பதென்று தீர்மானித்தது. தரைப்படைக்குச் சிவப்பு, கடற்படைக்குக் கருநீலம், விமானப்படைக்கு வெளிர்நீலம் என்று மூன்று வர்ணங்கள் கொண்ட சிறு கொடி அன்று விநியோகிக்கப்படுகிறது. யுத்தத்தில் பாதிக்கப்பட்டோரின் மறுவாழ்வு, பணியிலுள்ள வீரர் குடும்பங்களின் நலன், முன்னாள் படைவீரர் நலன் ஆகிய மூன்றும் அதன் நோக்கங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அந்தக் காகிதக் கொடியின் வாசனைகூட நினைவிருக்கும். வகுப்பாசிரியர் மேஜையில் கட்டுக்கட்டாக அடுக்கி, ரப்பர் வளையம் போட்டு வைத்திருப்பார். அச்சுமை இன்னும் காயாத பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் கெஞ்சி வாங்கிவந்த காசை எண்ணிக் கொடுத்தால் ஒரு கொடியும் ஒரு குண்டூசியும் கிடைக்கும். மாலை மணி அடிப்பதற்குள் கொடி கிழிந்து ஊசி மட்டும் சட்டைப் பையில் நிற்கும். கொடுத்த காசோ மாவட்டத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் கணக்கில் ஏறியிருக்கும்.

ஹோல்பலின் ஒட்டுவில்லையும் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. 1939-இல் நிறுவப்பட்ட இந்தியக் காசநோய்ச் சங்கம், 1950 முதல் இரட்டைக் குறுக்குக் கட்டையுள்ள சிலுவைச் சின்னம் பொறித்த காசநோய் வில்லைகளை வெளியிட்டு, காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2 அன்று விற்பனையைத் தொடங்கி வருகிறது. கிறிஸ்துமஸ் கடிதக் குவியலில் பிறந்த யோசனைக்கு இங்கே அந்தத் தேதி பொருந்தியது இயல்பே. நோயாளிகளைத் தம் கையால் பணிவிடை செய்து பேணியவர் அவர்.

காகிதத்துக்கும் அச்சுக்கும் நம் நாட்டில் குறைவில்லை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கப் பிறந்த சிவகாசியின் அச்சகங்கள், நாட்காட்டி, ரசீதுப் புத்தகம், கொடி, ஒட்டுவில்லை எதுவானாலும் ஆயிரத்துக்கு இன்ன விலை என்று சொல்லிவிடும். ஓட்டப் பந்தயம் நடத்தி நிதி சேர்க்கிறவர்களுக்குத் திருப்பூர் பனியன் அச்சிட்டுக் கொடுக்கும். விலையைக் கேட்பது எளிதாகிவிட்ட இந்நாளில், படைவீரர் கொடிநாள் நிதிக்கான சின்னங்களையாவது போரில் கால் இழந்தவர்களும் கணவனை இழந்தவர்களும் தங்கள் கையாலேயே செய்யும் பட்டறை ஒன்று மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இயந்திரத்தில் அச்சிடுவதைவிடக் கைவேலைக்குச் செலவு சற்றுக் கூடும் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் சொல்வார்கள், அது மெய்யே. ரிச்மண்டிலும் எடின்பரோவிலும் அந்தக் கூடுதல் செலவு ஊனமுற்றவனின் வாரக் கூலியாக, எந்தக் காரியத்துக்காக உண்டியல் குலுக்கப்பட்டதோ அந்தக் காரியத்துக்கே போய்ச் சேர்ந்தது.